ஏழு நாள் பார்த்த வீடு

யாரோ விட்டுப்போன சங்குக்குள் குடியிருந்தது ஒரு நண்டு. உடம்பு வளர்ந்துவிட்டதால் மடக்கிய காலை நீட்ட இடமில்லை. ஆனாலும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று அது எதையும் செய்யாது. கரையில் பாதி புதைந்து கிடந்த பெரிய சங்கு ஒன்றை ஏழு நாள் சுற்றிச் சுற்றி வந்தது. வாசலைக் கொடுக்கால் அளந்தது. ஓட்டைத் தட்டிப் பார்த்தது. அலை எந்தப் பக்கம் அடிக்கும் என்று விசாரித்தது.

பின்னாலேயே ஒரு சின்ன நண்டு வந்துகொண்டிருந்தது. "அண்ணே, நீங்க காலி பண்ணினா உங்க வீட்டுக்கு நான் வந்துடுறேன்."

"இதுக்கா? மூச்சு முட்டும்பா. வீடு விஷயத்துல அவசரமே கூடாது."

எட்டாம் நாள் பெரிய நண்டு துணிந்து வெளியே வந்து, வெற்றுடம்போடு ஓடிப் புதுச் சங்குக்குள் நுழைந்தது. விசாலமாகத்தான் இருந்தது. ஆனால் மணலில் புதைந்திருந்த அடிப்பக்கத்தில் ஒரு பொத்தல். முதுகில் சில்லென்று தண்ணீர் ஏறியது.

பதறிப்போய்ப் பழைய வீட்டைத் திரும்பிப் பார்த்தது. சின்ன நண்டு அதற்குள் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"அரண்மனை மாதிரி இருக்குண்ணே! உங்க வீடு எப்படி?"

"பிரமாதம்பா," என்றது பெரிய நண்டு, பொத்தலை முதுகால் அடைத்துக்கொண்டு.