அரை மில்லிமீட்டர்

"வீட்டுக்காரர் வரலையா மேடம்? செஞ்சவர்தான் பக்கத்துல நிக்கணும்" என்றார் நடுவர் கர்டிஸ்.

"அவர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிட்டாரு." லெனோரா குதிகாலை உயர்த்தி, எட்டி, அந்த ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் காரை மேசைமேல் வைத்தாள். "செஞ்சது நான்."

ஒஹையோவின் அந்தச் சிற்றூரில், தீயணைப்பு நிலையக் கூடத்தில் மாதிரிக் கார் போட்டிக்காக நாற்பது ஆண்கள் கூடியிருந்தார்கள். 1970ஆம் ஆண்டின் முரட்டுக் கார்களை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, பெற்ற பிள்ளைகளிடம்கூடக் காட்டாத பொறுமையோடு செய்து கொண்டுவந்தவர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் பரிசு பெறும் கார் ஊர் நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில், மூடிப்போன கார் தொழிற்சாலையின் படத்துக்குக் கீழே நிரந்தரமாக நிற்கும். லெனோராவுக்கு அந்த இடம் வேண்டும். எதற்காக என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கர்டிஸ் பல் மருத்துவரின் குட்டிக் கண்ணாடியைக் காருக்கு அடியில் நுழைத்தார். எஞ்சினுக்குப் போன மயிரிழை வயர்களை எண்ணினார். எல்லாம் சரியாக இருந்ததில் அவர் முகம் வாடியது. பக்கவாட்டுக் கறுப்புக் கோட்டில் அளவுகோலை வைத்ததும் மலர்ந்தது.

"இடது பக்கக் கோடு அரை மில்லிமீட்டர் கீழ இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா ஒட்டினீங்க?"

"ரெண்டு தடவை மேல போயிருச்சு. பிச்சுட்டு மறுபடி ஒட்டினேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை மறைக்க இருமினார். "கண்ணாடியை மாத்துங்க அம்மா."

"நிஜ வண்டியில இது அரை அங்குலம்" என்றார் கர்டிஸ். "அப்படி ஒரு வண்டியை ஃபாக்டரி வெளிய விட்டதே இல்ல. வாங்க, காட்டறேன்."

வெளியே அவருடைய நிஜக் கார், யாரும் நெருங்காதபடி கட்டிய கயிற்றுக்குள் நின்றது. அவரை நடுவராக்கியதே அந்தக் கார்தான். கூட்டம் பின்னாலேயே வந்தது.

"ஒரு திருகாணி மாத்தல. பெயிண்ட், கோடு எல்லாம் ஃபாக்டரியில போட்டது. நம்ம ஊர் ஃபாக்டரி, எழுபது மார்ச், செகண்ட் ஷிஃப்ட். பேப்பர் இருக்கு."

"செகண்ட் ஷிஃப்ட்தானா? நிச்சயமா?"

"என் கல்யாணத் தேதியைவிட நிச்சயம்."

லெனோரா கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். வலது பக்கத்தைப் பார்த்தாள். சுற்றிவந்து இடது பக்கத்தைப் பார்த்தாள், தெரிந்த முகத்தில் ஒரு மச்சத்தைத் தேடுவதுபோல. இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில் இருந்தன.

ஐம்பது வருடம் கழித்து, வலது தோள்பட்டையில் அந்தப் பழைய வலி ஒருமுறை சுண்டியது. ஆனால் அவள் நினைத்தது வலியை அல்ல, வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட ஒரு சிரிப்பை.

"பாத்தீங்களா? ஒரே மட்டம்" என்றார் கர்டிஸ். "பத்து மார்க் குறைக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"செகண்ட் ஷிஃப்ட்ல வலது பக்கக் கோட்டை ஒட்டினது வில்மா" என்றாள் லெனோரா. "ஆறடி இருப்பா. போன வருஷம் போய்ச் சேந்துட்டா. இடது பக்கம் நான். கன்வேயர்ல வண்டி உயரமா வரும், எனக்கு எட்டாது. அரை அங்குலம் கீழதான் ஒட்டுவேன். அறுபத்தொம்பது, எழுபது, ரெண்டு வருஷத்துல ஒரு வண்டி தப்பல. சூப்பர்வைசர் கத்திக் கத்தி ஓஞ்சே போயிட்டான்."

யாரும் இருமவில்லை. நாற்பது தலைகளும் மெல்ல அவளிடமிருந்து கர்டிஸின் காரை நோக்கித் திரும்பின.

"உங்க கோட்டை யாரு தம்பி ஒட்டினது?"