முகம் திரும்பிய தராசு

பெரு நாட்டு மலையொன்றில் சாஸ்கா என்றொரு கோவேறு கழுதை இருந்தது. விவசாயிகளின் காபிக்கொட்டை மூட்டைகளை வியாபாரியின் கிடங்குக்குச் சுமந்து வருவது அதன் வேலை. அங்கே தொங்கிய முள் தராசு வியாபாரிக்கு மட்டும்தான் முகம் காட்டும். எடையைக் குறைத்தே சொல்லும்.

"ஏன்யா, என் முதுகு ஒடிஞ்சுபோச்சு. உனக்கு இவ்வளவுதான் தெரியுதா?" என்று சாஸ்கா தினமும் தராசிடம் சண்டைக்குப் போகும்.

"கோபப்படாதேம்மா. ஈரத்துக்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம் கழிப்பது இங்கே வழக்கம்," என்று தராசு சமாதானம் சொல்லும்.

"என்ன பெரிய வழக்கம்! மருந்தே அடிக்காத செடி அது, என் சாணத்தைத் தின்று வளர்ந்தது. எனக்கும் அதில் பங்கிருக்கு. நான் கேட்கத்தான் செய்வேன்!"

ஒருநாள், வியாபாரியிடம் ஏமாந்தது போதும், நியாய விலை கொடுப்பவர்களுக்கு நேரடியாகவே விற்பதென்று விவசாயிகள் ஒன்றுகூடிச் சொந்தக் கிடங்கு கட்டினார்கள். அந்தப் பழைய தராசையே வாங்கி வந்து, எல்லோரும் பார்க்கும்படி வாசலில் மாட்டினார்கள்.

முதல் மூட்டை ஏறியதும், பழக்கதோஷத்தில் முள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. சுற்றிலும் இத்தனை கண்களைத் தராசு பார்த்ததே இல்லை. போதாததற்குச் சாஸ்கா வேறு முறைத்துக்கொண்டிருந்தது. முள் முனகியபடி மெல்ல மெல்ல நகர்ந்து, சரியான எடையில் போய் நின்றது.

"அம்மாடி, இவ்வளவு பாரத்தை நான் சொன்னதே இல்லை!" என்று மூச்சுவாங்கியது தராசு.

"நான் தினமும் சுமந்தேனே," என்று சொல்லிவிட்டு, சாஸ்கா நிம்மதியாகப் புல் மேயப் போனது.