ஒட்டாத பவளம்

"அழகம்மா! ஒன் மகளுக்குச் சொல்லி அனுப்பு. அவ ஒட்டுன பவளம் மறுபடியும் விழுந்து கெடக்கு!"

சோணைமுத்து போட்ட சத்தத்தில் தொட்டிக்குள் இருந்த மீன்களே ஒதுங்கிக்கொண்டன.

அந்தக் கண்ணாடித் தொட்டி, மகள் அன்னக்கொடி ஆசை ஆசையாக வைத்தது. கல்லூரிச் சுற்றுலாவில் ராமேஸ்வரத்தில் வாங்கிய வெள்ளைப் பவளக் கிளையை ஒரு பாறைத் துண்டின் மேல் ஒட்டி உள்ளே நிறுத்தியிருந்தாள். போன வருடம், கப்பலூர் கம்பெனியில் கூட வேலை பார்த்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆனையூருக்குப் போய்விட்டாள். "இனி அவகூட எனக்குப் பேச்சு இல்ல" என்று சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டார் சோணைமுத்து. சொன்ன சொல்லை விழுங்க வீராப்பு விடவில்லை. பேச்சுத்தான் இல்லை, ஏச்சுக்குக் குறைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி வந்தாள். அவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"கேட்டுச் சொல்லு அழகம்மா. நாலு நாளு நிக்கிற மாதிரி ஒரு பவளத்த ஒட்டத் தெரியாதா?"

"தண்ணிக்குள்ள கெடந்தா அப்படித்தான் இருக்கும்னு சொல்லும்மா."

பாறையையும் பவளத்தையும் வெளியே எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாள் அன்னக்கொடி. அது காய்வதற்குள் அம்மா கையால் வயிறாரச் சாப்பிட்டாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பசையைப் பிதுக்கித் தடவி, நூலால் கட்டி வைத்தாள்.

அழகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நானென்ன மத்தளமா, ரெண்டு பக்கமும் அடி வாங்க? டவுன்ஹால் ரோட்டு மீன்கடைக்காரரக் கூப்பிட்டா ஒரே தடவையில ஒட்டிருவாரு!"

"கண்டவன் கை எதுக்கு? ஒட்டுனவளே வந்து ஒட்டட்டும்" என்றார் சோணைமுத்து, தாளை இறக்காமல்.

அன்னக்கொடி அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு தடவையாவது முகம் பார்த்துப் பேசமாட்டாரா என்று ஏங்கினாள். "நாளைக்கு நூலை அவுத்துட்டுத் தொட்டியில எறக்கிரும்மா. வாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

பசை டப்பாவை எடுத்து வைக்கப்போன அழகம்மாள் திகைத்து நின்றாள்.

"இங்க பாருங்க! ரெண்டு குழாயையும் கலந்தாத்தான் பசை இறுகும்னு டப்பா மேல போட்டிருக்கு. இதுல ஒண்ண இவ தொறக்கவே இல்ல! இம்புட்டு நாளும் வெறும் பசையத்தான் தடவிட்டுப் போயிருக்கா!"

சோணைமுத்து செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"மெதுவாப் பேசுடி. அது எனக்கு எப்பவோ தெரியும். இருந்த மாதிரியே வச்சிரு. நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா, புள்ள வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருந்துரும்."