தவிட்டுச் சோப்பு

"நீ உள்ள வராத சோபி! மாமாவ அனுப்பு."

வெந்நீர் வாளியோடு வந்த சோபியா கதவருகிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கட்டிலில் அக்கா ஜெசிந்தா. மார்பில் வந்த கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

புண்ணின் வாடை வாசல்வரை வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் மீனும் கருவாடுமாக வளர்ந்த சோபியாவாலேயே அதைத் தாங்க முடியவில்லை. அது ஜெசிந்தாவுக்கும் தெரியும். பெற்ற மகளைக்கூட அவள் கிட்டே சேர்ப்பதில்லை. புருஷன் ஞானதாஸ் ஒருவன்தான் உள்ளே போகலாம்.

"காய்ச்சல்ல என் மூக்கு செத்துப்போச்சு. எனக்குக் கருவாடும் ஒண்ணுதான், மல்லிப்பூவும் ஒண்ணுதான்" என்று மழைக்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான் அவன்.

கடைச் சோப்பு பட்டு உடம்பெல்லாம் எரிகிறது என்று அவள் அழுதபோது, செல்போனில் எதையோ தேடிப் பிடித்தான். ஜப்பானில் பெண்கள் அரிசித் தவிட்டால் மேனி கழுவுவார்களாம். தவிடும் மூங்கில் கரியும் சேர்த்துச் சோப்பு செய்வார்களாம். பொன்னேரி மில்லில் போய்த் தவிடு வாங்கி வந்தான். மூங்கிலுக்குப் பதில் கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கினான். முதல் தடவை வெறும் கூழாகிப் போனது. அடுத்தது கட்டியாக நின்றது. வாரக்கணக்கில் நிழலில் காயவைத்து எடுத்துக்கொண்டு போனான்.

"இன்னா வாசன வருது ஜெசி? நீதான் மோந்து பாத்து சொல்லணும்."

"வெறும் தவிட்டு வாசனதான். கொஞ்சம் வெட்டிவேரு போடேன்யா."

அடுத்த தடவை போட்டான்.

அன்றும் சோபியாவிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். துணி பிழியும் சத்தத்தோடு பேச்சும் வெளியே கேட்டது.

"நெஜமா உனக்கு ஒண்ணும் தெரியலியாயா?"

"இன்னா தெரியணும்? கைய தூக்கு. எரியுதா?"

"இல்ல. ஜில்லுனு இருக்குது."

வெளியே வந்தவனிடம் சோபியா மனதில் பட்டதைச் சொன்னாள். "நீங்க குடுத்துவெச்சவரு மாமா. எங்களால பக்கத்துல நிக்கக்கூட முடியல."

அவன் கரைப்பக்கம் வேகமாக நடந்தான். கவிழ்த்து வைத்திருந்த படகுக்குப் பின்னால் குந்தி வாந்தியெடுத்தான். பல நாள் காலையில் சோபியா பார்த்ததுதான்.

"பொண்டாட்டி இப்டி கெடக்குறப்ப விடிஞ்சதும் குடியா?" என்று அன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

ஞானதாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். "அவகிட்ட சொல்லிடாத" என்றான்.

வெறுப்பாக இருந்தது சோபியாவுக்கு.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஜெசிந்தா போய்ச் சேர்ந்தாள். அவள் தலையை மடியில் வைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, கடைசி மூச்சுவரை அவன் பேசிக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி கதவுக்கு வெளியே நின்றார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பி, உறவுக்காரர்களும் கலைந்துபோனார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு சோபியா வாசலுக்கு வந்தாள். ஞானதாஸ் படியில் முழங்காலுக்குள் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். அவளும் தள்ளி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே அவன் சொன்னான். "உள்ள பால் தீயுது பாரு சோபி."

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தில் அடி கருகியிருந்தது. அதை இறக்கப் போன கை பாதியில் நின்றது. மெல்ல வாசலுக்கு வந்தாள்.

"மாமா... உங்களுக்கு எப்டி..."

"என் மூக்கு நல்லாத்தாம்மா இருக்குது" என்றான் ஞானதாஸ். "அப்டி சொல்லலன்னா உங்கக்கா என்னிய மட்டும் கிட்ட வுட்டிருப்பாளா?"