சவுண்டு கார்டு மாத்தணும்

"இந்தத் துரைக்கண்ணு மாதிரி ஒரு சோம்பேறி காஞ்சிபுரம் முழுக்கத் தேடினாலும் கெடைக்கமாட்டாரு"ன்னான் குமரன், ஜன்னல் வழியா பக்கத்து வீட்டப் பாத்துக்கினே.

"இப்ப எதுக்கு அவரு தலைய உருட்டறீங்க?"ன்னா கலைவாணி.

"பின்ன? நாலு எழை நெய்யறது, எழுந்து டீக்கடைக்குப் போறது. தெனம் இதே பொழப்பு. தங்கச்சி வீட்டு விசேஷம்னு தென்னேரிக்குப் போயிட்டு நேத்துதான் வந்தாரு. அவரு இல்லாதப்ப அவரு மச்சான் ராமராஜன் நெய்ஞ்சான் பாரு! உக்காந்தா சோத்துக்குத்தான் எழுந்தான். அவன் மனுசன்!"

துண்ட ஒதறித் தோள்ல போட்டு, வயித்தத் தள்ளிக்கினு, துரைக்கண்ணு டீக்கடைக்கு நடக்கற மாதிரியே நடந்து காட்டினான். கலைவாணிக்குச் சிரிப்பு தாங்கல.

சிரிச்சு முடிக்கறதுக்குள்ள போன் அடிச்சுது. சென்னையிலேருந்து ஆனந்தராஜ். இருதய ஆஸ்பத்திரிக்காரர். அங்க போன் பண்றவங்களுக்கு "அவசர சிகிச்சைக்கு எண் ஒன்றை அழுத்தவும்"னு சொல்லப் போறது கலைவாணிதான். வீட்டுக் கம்ப்யூட்டர்லயே பேசிப் பதிவு பண்ணி அனுப்புவா.

"யம்மா, போன வாரம் ரெண்டாவது வாட்டி அனுப்பினீங்களே, அதுலயும் அந்தச் சத்தம் இருக்குதும்மா. நீங்க பேசறப்ப பின்னால டக்... டக்... டக்னு. நெஞ்சு வலின்னு போன் பண்றவன் அது தன்னோட நெஞ்சுன்னே நெனைச்சுக்குவான். நடுவுல ஒரு எடத்துல டக்குனு நின்னு வேற போவுது. அத்தோட அவன் கதை முடிஞ்சுது!"

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே சார்..."

"சாயந்தரத்துக்குள்ள சுத்தமா வரணும்மா. இல்லாட்டி இங்கயே ஒரு பொண்ணு இருக்குது, அதுகிட்ட குடுத்துடுவேன்."

கலைவாணி மொகம் தொங்கிப் போச்சு. இது போனா மறுபடி ஜவுளிக்கடையில காலு கடுக்க நின்னு பில்லு போடணும்.

குமரன் ஹெட்போன மாட்டிக் கேட்டான். ஒண்ணும் தெரியல. அவளும் கேட்டா. ஒண்ணும் தெரியல.

"சவுண்டு கார்டுதான். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கம்ப்யூட்டர். புதுசு போட்டுடலாம்."

"நீங்க எதுக்குதான் புதுசு போடலாம்னு சொல்லல? போன மாசம் கம்ப்யூட்டருக்குள்ள கலர் லைட்டு வச்சீங்க. லைட்டு எரிஞ்சதும் என் குரல் இனிச்சுதா?"

"ஹார்டுவேர் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" கடைக்காரனுக்குப் போன் போட்டு ஒரு கார்ட எடுத்து வைக்கச் சொல்லிட்டு, பைக் சாவியத் தேடினான்.

"இருங்க. பழைய கார்டுலயே இன்னொரு வாட்டி பேசிப் பாக்கறேன். அதுலயும் டக்கு வந்தா போயி வாங்கிக்கினு வாங்க."

ஜன்னல மூடப் போனா.

"தோ, எழுந்துட்டாரு துரைக்கண்ணு! டீக்கடைதான்"ன்னான் குமரன்.

"செத்த சும்மா இருங்க."

ஜன்னல மூடினா. ஃபேன நிறுத்தினா. பேசினா. அனுப்பினா. ரெண்டு பேரும் போனையே பாத்துக்கினு உக்காந்தாங்க.

அடிச்சுது.

"இதாம்மா வேணும்! கண்ணாடி மாதிரி இருக்குது. இனிமே எல்லாம் நீங்களே பேசுங்க. இன்னா, மிஷினு ஏதாச்சும் மாத்திட்டீங்களா?"

"இல்ல சார், அதே பழசுதான்."

"அப்பாடா!"ன்னு கலைவாணி சுவத்துல சாஞ்சா. போன உயிரு திரும்பி வந்துது.

"மாத்தப் போறேன்னு நான் சொன்னது கார்டு காதுல விழுந்துடுச்சு. அந்த பயம்"ன்னான் குமரன்.

சிரிச்சுக்கினே ஜன்னலத் தொறந்தா. வெளிய துரைக்கண்ணு பொண்டாட்டி கமலவேணி நின்னுக்கினு இருந்தா.

"கலை, பேசி முடிச்சிட்டியாம்மா?"

"முடிச்சிட்டேங்கா. இன்னாக்கா?"

"போன வாரத்துக்கு ஒண்ணும் நெனைச்சுக்காதம்மா. நீ ஜன்னல மூடினா தறியத் தொடக்கூடாதுன்னு எந்தம்பிகிட்ட சொல்ல மறந்துட்டேன். அவன் பாட்டுக்கு நெய்ஞ்சுக்கினே இருந்துட்டான். நேத்து வந்ததும் உங்கண்ணன் எங்க ரெண்டு பேரையும் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு."

குமரன் மெதுவா ஹெட்போன எடுத்து மாட்டினான். போன வாரம் பேசினத ஓட விட்டான். டக்... டக்... டக்... பொறந்ததுலேருந்து தறிச் சத்தத்துலயே வளந்த காது. அது ஒரு சத்தம்னே இத்தினி நாளா தோணல.

"அண்ணன் எங்கக்கா?"ன்னா கலைவாணி.

"டீக்கடையிலதான். நீ இன்னும் பேசணும்னா இன்னொரு டீ சொல்றாராம், முடிச்சிட்டன்னா தறியில வந்து உக்கார்றாராம், கேட்டுக்கினு வரச் சொன்னாரு. சீக்கிரம் சொல்லும்மா, அவருக்கு டீன்னா ஆவவே ஆவாது."