அறுபது டிகிரி

மரவள்ளி மாவைச் சர்க்கரைப் பாகாக்கும் ஆலையில், ஆய்வகம் பார்க்கும் செண்பகவடிவு கேட்டு வாங்கிய புது நொதி முதல் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தது. மாவுச்சத்தின் கிளை பிரியும் கணுவை மட்டும் அது தேடி வெட்டும். சூடு அறுபது டிகிரியைத் தாண்டினால் செத்துவிடும். இந்தத் தொட்டி கெட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று முதலாளி அவளிடம் சொல்லியிருந்தார்.

“லாரி நிக்குது. நீராவியத் தொறந்து விடும்மா, சட்டுனு முடியட்டும்,” என்றார் மேஸ்திரி அங்கமுத்து.

“தொறந்தா செத்துருமுங்கண்ணா. பாகு பாதியிலயே நின்னுரும். இன்னும் ஆறு மணி நேரம் வேணும்.”

“கண்ணுக்கே தெரியாததுக்கு இவ்வளவு காவலா?” சிரித்துக்கொண்டே அவர் வால்வுச் சக்கரத்தைப் பிடித்தார்.

அவள் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே பத்து விரல்களையும் நுழைத்து, அடியிலிருந்த குழாயை இறுகப் பற்றிக்கொண்டாள். இரும்பு சுட்டது.

“இப்பத் திருப்புங்கண்ணா,” என்றாள்.