ஒரு முறம் தவிடு

"பொண்ணு பேரு தவுட்டாத்தாளுங்களா?"

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கோயமுத்தூர் மில்லில் மேஸ்திரி வேலை பார்க்கும் மாப்பிள்ளை. தவிட்டாத்தாளுக்கு மானம் போயிற்று.

அவள் அம்மா செல்லாத்தாளோ பெருமையாகச் சொன்னாள்:

"மூத்தது ரெண்டும் தங்கலீங்க. எமன் கண்ணுல மண்ணத் தூவோணுமுன்னு, இவ பொறந்ததும் எங்க மயிலாத்தா அக்காகிட்டக் குடுத்துப்போட்டு, ஒரு மொறம் தவுட்டுக்குத் திருப்பி வாங்கிக்கிட்டோமுங்க."

சிரிப்பு அடங்கியது. தன் உயிர்மேல் அம்மாவுக்கு இத்தனை ஆசையா என்று தவிட்டாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தாலி ஏறியது. பந்தலோரம் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடியலூரிலிருந்து நடந்தே வந்திருந்த மயிலாத்தாள். தவிட்டாத்தாள் போய்க் காலைத் தொட்டாள். அழுகையை மாற்ற வேண்டுமே என்று விளையாட்டாகக் கேட்டாள்:

"ஏனுங்க பெரியம்மா, ஒரு மொறத்துக்கா என்னையக் குடுத்துப்போட்டீங்க? ரெண்டு மொறமாக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

"கேட்டேங் கண்ணு," என்றாள் மயிலாத்தாள். "அது பஞ்ச வருசம். உன்னையப் பெத்த பச்ச ஒடம்போட நின்னு, உன்ர அண்ணனுங்க பசியில அழுவறதையுங் காட்டிக் கேட்டேன். ஒரு மொறத்துக்கு மேல குடுக்கமாட்டேன்னுட்டா உங்கம்மா."